முதல், வழி, சார்பு: ஆனந்த சங்கரின் இசைத்தட்டும் அதை வெட்டி ஒட்டியவர்களும்

போன ஆண்டு பூஜா விடுமுறையை ஒட்டி நடந்த நமது சங்க விழாவில் எனக்குப் பத்து நிமிடம் பேசக் கொடுத்திருந்தார்கள். பேச்சுவாக்கில், "இந்தக் காலத்துப் பிள்ளைகள் இசை அமைப்பதே இல்லை, பழைய தட்டிலிருந்து திருடி ஒட்டுகிறார்கள்" என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இருந்த என் வயதுக்காரர்கள் கைதட்டினார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் யாரும் கைதட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும், பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் சின்ன மகள், "அப்பா, நீங்க ஒரு தடவைகூடக் கேட்காத சமாச்சாரத்தைப் பத்தி இத்தனை பேர் முன்னால தீர்ப்புச் சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்றாள். கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை. பிறகு தன் கைப்பேசியில் ஒரு பாட்டை வைத்தாள். பாட்டென்றால் பாட்டு இல்லை, வாத்திய இசை. அடித்து நொறுக்கும் தாளம், அதற்கு மேல் ஒரு சித்தார். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "இது என்னோட தட்டும்மா!" என்றேன்.

அந்தத் தட்டின் கதையையும் என் அவசரத் தீர்ப்பின் கதையையும் சேர்த்து எழுதுகிறேன். செய்த பிழையை எண்ணிப் பார்த்து வாயால் சொல்லித் திரும்புவதை எங்கள் சமண மரபில் பிரதிக்கிரமணம் என்பார்கள். இந்தக் கட்டுரையை அப்படி எடுத்துக்கொள்ளுங்கள். நான் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1982-இல் இங்கே வந்து, படாபஜாரில் மாமாவின் பாத்திரக் கடையில் சேர்ந்தேன். இசையிலும் இலக்கணத்திலும் எனக்குத் தெரிந்ததெல்லாம் கடையை அடைத்த பிறகு படித்ததும் கேட்டதும்தான். குற்றம் இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

தட்டும் அதன் தகப்பனும்

அந்தத் தட்டின் பெயர் 'ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக்'. கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா 1975-இல் வெளியிட்டது. நான் அதை 1986-இல் ஃப்ரீ ஸ்கூல் தெருவில் பழைய தட்டு விற்கும் கடையில் வாங்கினேன். வாங்கக் காரணம், அதன் முதல் பாட்டின் தலைப்பு: 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கட்டா'. ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கு, தான் தினம் நடக்கிற தெருவைப் பற்றி ஒருவர் இசை செய்திருக்கிறார் என்பதே ஆச்சரியமாக இருந்தது.

ஆனந்த சங்கர் 1942-இல் அல்மோராவில் பிறந்தவர். நடனக் கலைஞர்கள் உதய சங்கர், அமலா சங்கர் தம்பதியின் மகன். பண்டிட் ரவிசங்கர் இவருக்குச் சித்தப்பா. ஆனால் சித்தப்பாவிடம் சித்தார் பயிலவில்லை. காசியில் லால்மணி மிஸ்ரா அவர்களிடம் பயின்றார். இந்தக் குடும்பத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு நம்மில் பலருக்குத் தெரியாது. அல்மோராவில் உதய சங்கர் நடத்திய கலை மையத்தில் பரதநாட்டியம் கற்பித்தவர், பாலசரஸ்வதி அம்மையாரின் குருவான கந்தப்ப பிள்ளை. உதய சங்கர் எடுத்த ஒரே திரைப்படமான 'கல்பனா' (1948) உருவானது சென்னை ஜெமினி ஸ்டூடியோவில். நம் நாட்டியப் பேரொளி பத்மினி திரையில் தலைகாட்டியதும் அந்தப் படத்தில்தான். ஆக, ஆனந்த சங்கரின் வீட்டிலேயே வடக்கும் தெற்கும் கிழக்கும் மேற்கும் கலந்துதான் இருந்தன.

1960-களின் கடைசியில் அவர் அமெரிக்கா போனார். 1970-இல் ரிப்ரைஸ் நிறுவனம் அவருடைய முதல் தட்டை வெளியிட்டது. அதில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'ஜம்பின் ஜாக் ஃப்ளாஷ்', டோர்ஸ் குழுவின் 'லைட் மை ஃபயர்' ஆகிய இரண்டையும் சித்தாரில் வாசித்தார். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் மற்றவர்கள் வெட்டி எடுத்துக்கொண்ட இசைக்குச் சொந்தக்காரரான இவரே, மற்றவர் மெட்டை எடுத்துத் தன் வாத்தியத்தில் வாசித்துத்தான் உலகத்துக்கு அறிமுகமானார். பிறகு கல்கத்தா திரும்பி, மிருணாள் சென்னின் 'கோரஸ்' (1974) படத்துக்கு இசையமைத்துத் தேசிய விருதும் பெற்றார்.

அன்றைய பார்க் தெருவை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். டிரிங்காஸ், மொகாம்போ, புளூ ஃபாக்ஸ் என்று இரவு விடுதிகளில் ஜாஸ் வாசித்தார்கள். பாம் கிரெயின் பாடினார். லூயிஸ் பேங்க்ஸ் பியானோ வாசித்தார். 1969-இல் சென்னையில் பாடிக்கொண்டிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் டிரிங்காஸுக்கு வந்து, காஞ்சிப் பட்டும் பெரிய பொட்டுமாக நின்று பாடினார். அவர்தான் உஷா உதூப். அந்தக் காற்றில் பிறந்த தட்டு இது.

தட்டை விமர்சகன் கண்ணோடு பார்த்தால் குறையும் உண்டு. 'ரினன்சியேஷன்' என்று ஒரு பாட்டு, துறவு என்று பொருள். துறவைப் பற்றி வாழ்நாள் முழுக்கக் கேட்டு வளர்ந்த எனக்கு அது கொஞ்சம் அலங்காரமான துறவாகவே பட்டது. ராகத்தை விரித்து ஆலாபனை செய்யும் இசையை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். ஆனால் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கட்டா'வும் 'டான்சிங் டிரம்ஸ்'ஸும் வேறு ரகம். அவற்றில் தாளந்தான் தலைவர். டிரம், பேஸ் கிட்டார், மூக் என்கிற மின்வாத்தியம் எல்லாம் சேர்ந்து ஒரு நடையைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. சித்தார் அதன் மேல் ஏறிச் சவாரி செய்கிறது. சியால்தா ஸ்டேஷன் வாசலில் மாலை ஆறு மணிக்கு நிற்பவனுக்கு அந்த இசை உடனே புரியும்.

1998-இல் வீடு மாற்றினோம். தட்டு சுழற்றும் பெட்டி பழுதாகி வருஷக்கணக்காகிவிட்டது. 'பிக்ரி' என்று கூவிக்கொண்டு தெருவில் வருபவரிடம் பழைய செய்தித்தாளோடு தட்டுகளையும் எடைக்குப் போட்டேன். பாத்திரக் கடைக்காரன் எடைக்குப் போடுவதற்கு யோசிப்பானா?

லண்டனில் நடந்தது

நான் எடைக்குப் போட்ட அதே காலத்தில் லண்டனில் அந்தத் தட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1990-களின் நடுவில் நடன விடுதிகளில் தட்டு சுழற்றும் டிஜேக்கள் அதை வைத்து ஆட்களை ஆடவைத்தார்கள். 1996-இல் புளூ நோட் நிறுவனம் வெளியிட்ட 'புளூ ஜூஸ்' என்ற தொகுப்பில், நான் மேலே சொன்ன இரண்டு பாட்டுகளும் இடம்பெற்றன. உலகத்து ஜாஸ் ரசிகர்கள் மதிக்கிற பெயர் அது. 1995-இல் தல்வின் சிங் முதலியோர் லண்டனில் 'அனோக்கா' என்ற வாராந்திர இசை இரவைத் தொடங்கியிருந்தார்கள். தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே கூடினார்கள். அவர்களில் ஒருவர் சாம் ஜமான். வங்கதேச வம்சாவளியைச் சேர்ந்தவர். தன் இசைக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் 'ஸ்டேட் ஆஃப் பெங்கால்'.

அவரும் ஆனந்த சங்கரும் சேர்ந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய சித்தார்க் கலைஞரும் அவர் தட்டைக் கேட்டு வளர்ந்த இளைஞரும் ஒரே மேடையில் ஏறி இங்கிலாந்தில் வாசித்தார்கள். அதன் பயன் 'வாக்கிங் ஆன்' என்ற தட்டு. அது பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் நிறுவனத்திலிருந்து 2000-இல் வந்தது. வருத்தம் என்னவென்றால், ஆனந்த சங்கர் அதற்கு முன்பே, 1999 மார்ச்சில், 56 வயதில் இதயம் நின்று காலமாகிவிட்டார். சாம் ஜமானும் 2015-இல் மறைந்தார். என் மகள் வைத்துக் காட்டியது இந்தத் தட்டைத்தான்.

சாம்பிள் என்றால் என்ன?

நமக்கு சாம்பிள் என்றால் மாதிரி. போஸ்தா பஜாரில் அரிசி மூட்டையில் குத்தூசியைக் குத்தி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்போமே, அது. மூட்டை எப்படி என்று தெரிந்ததும் அந்தப் பிடியைக் கீழே போட்டுவிடுவோம். இசைக்காரர்களின் சாம்பிள் அப்படி இல்லை. அவர்கள் அந்த ஒரு பிடியையே எடுத்துப் பொங்கல் வைக்கிறார்கள்.

இதன் தொடக்கம் 1973-இல், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில். கூல் ஹெர்க் என்ற இளைஞர், ஒரு பாட்டில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் மிகவும் உற்சாகமாக ஆடுகிறது என்று கவனித்தார். ஒரே தட்டில் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றதில் தொடங்கி, சில விநாடியை நிமிடக்கணக்கில் நீட்டினார். பிறகு அதற்கென்றே பெட்டிகள் வந்தன. 1987-இல் வந்த எஸ்.பி. 1200 என்ற பெட்டியில் மொத்தமே சுமார் பத்து விநாடி ஒலியைத்தான் சேமிக்க முடியும். அந்தப் பத்து விநாடியை நறுக்கி, பொத்தானுக்கு ஒன்றாகப் போட்டு, விரலால் தட்டி, முழுப் பாட்டுக்கே தாளம் கட்டினார்கள். இன்று என் மகளின் மடிக்கணினியில் எல்லையே இல்லை.

"அதுல என்னம்மா வேலை இருக்கு?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் உட்காரவைத்துக் காட்டினாள். 'டான்சிங் டிரம்ஸ்'ஸிலிருந்து இரண்டு ஆவர்த்தம் எடுத்திருந்தாள். வெட்டு ஒரு இழை முன்னால் விழுந்தால் தாளம் நொண்டுகிறது. ஒரு இழை பின்னால் விழுந்தால் 'டக்' என்று ஓசை கேட்கிறது. மூலத்தின் சுருதியோடு புதிதாகச் சேர்க்கும் பேஸ் ஒத்துப்போக வேண்டும். எந்த இரண்டு ஆவர்த்தத்தை எடுப்பது என்பதற்கே அந்தத் தட்டை நாற்பது தடவை கேட்டாளாம். நான் 12 வருஷம் வீட்டில் வைத்திருந்தும் அத்தனை தடவை கேட்டதில்லை. உழைப்பே இல்லை என்று மேடையில் நான் சொன்னது தவறு. ஆனால் உழைப்பு இருப்பதாலேயே ஒரு காரியம் நியாயம் ஆகிவிடாது. பூட்டை உடைப்பவனும் உழைக்கிறான்! ஆகவே கேள்வி அப்படியே நின்றது.

பவணந்தியார் என்ன சொல்வார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் நன்னூலுக்குப் போனேன். சிரிக்காதீர்கள். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வாழ்ந்த சமணத் துறவி. எங்கள் தாத்தா திண்ணையில் உட்காரவைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடப் புத்தகம் அதுதான். அதன் பாயிரம், நூல்களை மூன்று வகை ஆக்குகிறது. முதல்நூல் என்பது யாரையும் சாராமல் தோன்றியது. வழிநூல் என்பது முன்னவர் நூலோடு முழுதும் ஒத்து நின்று, பின்வந்தவர் தாம் வேண்டிய மாறுதல்களையும் சேர்ப்பது. சார்புநூல் என்பது சிறுபகுதி மட்டும் ஒத்து, மற்றதில் வேறுபடுவது.

இதற்கு அடுத்து அவர் சொல்வதுதான் நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. பின்வந்த ஆசிரியர் ஒருவர் பழைய சூத்திரத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே தம் நூலுக்குள் வைக்கலாமா? வைக்கலாம் என்கிறார், இரண்டு காரணத்துக்காக. ஒன்று, முன்னோரின் கருத்தை மட்டும் அல்லாமல் அவர்களுடைய சொல்லையே பொன்னாகக் கருதுகிறோம் என்று காட்ட. இரண்டு, முன்னோரிலிருந்து வேறுபட்டுத் தனியாக ஒரு நூல் செய்ததாக நான் உரிமை கொண்டாடவில்லை என்று காட்ட. பவணந்தியாரே தொல்காப்பியச் சூத்திரங்களை அப்படி எடுத்து வைத்திருக்கிறார். இசைக்காரர்கள் சாம்பிள் என்று சொல்வது இதைத்தான். மெட்டை மட்டும் எடுத்து வேறு வாத்தியத்தில் வாசிப்பது கருத்தை எடுப்பது போல. ஒலிப்பதிவையே வெட்டி எடுப்பது சொல்லையே எடுப்பது போல.

நன்னூலுக்கு வந்த உரைகளின் கதையும் இதே கதைதான். சங்கர நமச்சிவாயர் ஓர் உரை எழுதினார். சிவஞான முனிவர் அந்த உரையையே எடுத்து, திருத்தி, வெட்டி, சேர்த்துப் புதுக்கினார். 'புத்தம்புத்துரை' என்றே அதற்குப் பெயர். இரண்டு பேர் பெயரும் இன்று வரை சேர்ந்தே வழங்குகின்றன. இதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை.

அப்படியானால் திருட்டு எது? எங்கள் இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களில் ஒன்று கள்ளாமை. கொடுக்கப்படாததை எடுக்காதிருத்தல் என்பது அதன் இலக்கணம். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் அந்த விரதத்துக்கு வரும் ஐந்து பழுதுகளையும் பட்டியல் போடுகிறது. பிறரைத் திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, அரசு விதியை மீறி வாணிகம் செய்வது, அளவையில் ஏமாற்றுவது, போலிச் சரக்கை நல்ல சரக்கு என்று தள்ளுவது. வியாபாரிக்கென்றே எழுதியது போல இருக்கும். கவனித்துப் பாருங்கள், 'முன்பு இருந்ததை மறுபடி பயன்படுத்துவது' அந்தப் பட்டியலில் இல்லை. கொடுக்காமல் எடுப்பதும், ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்கு என்று சொல்வதும்தான் குற்றம்.

புதுத் தட்டைப் பற்றி

இந்த அளவுகோலை வைத்து 'வாக்கிங் ஆன்' தட்டை நான்கைந்து முறை கேட்டேன். அது வழிநூல். அதிலும் முதல்நூல் ஆசிரியரே பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையால் சித்தார் வாசித்துச் செய்துகொடுத்த வழிநூல். இப்படி அமைவது அபூர்வம். அட்டையில் இரண்டு பெயரும் இருக்கின்றன. பவணந்தியார் சொன்ன இரண்டு காரணமும் நிறைவேறுகின்றன. பழையதைப் பொன்னாகப் போற்றியும் இருக்கிறார்கள், தனி உரிமை கொண்டாடவும் இல்லை.

இசையாக எப்படி என்றால், என் கருத்து இது. 1975-இன் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கட்டா'வில் டிரம் வாசித்தவரின் கை சில இடத்தில் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். தெருவில் மனிதர்கள் நடப்பது போல. புதுத் தட்டில் தாளத்துக்கு அந்த மனிதத் தடுமாற்றம் குறைவு. சில பாட்டுகளில் தாளம் முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது, சித்தார் அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்க்கிறது. சுழற்சியில் போட்ட இசைக்கு உள்ள இயல்பான குறை இது. அது சுற்றும், வளராது. ஆனால் சித்தார் தனித்து எழும் இடங்களில், பழைய தட்டில் நான் கேட்காத ஒரு துணிச்சல் அதில் இருக்கிறது. 1975-இல் மேற்கத்திய வாத்தியங்களோடு மரியாதையாக உரையாடியவர், இதில் பேரப்பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடுகிறார். இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் என்னென்ன செய்திருப்பாரோ என்ற ஏக்கம் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த லண்டன் பிள்ளைகள் தோண்டி எடுக்காவிட்டால், ஆனந்த சங்கர் நம் ஊரிலேயே மறக்கப்பட்டிருப்பார். 2008-இல் 'லிட்டில் பிக் பிளானட்' என்ற வீடியோ விளையாட்டில் 'டான்சிங் டிரம்ஸ்' ஒலித்து, உலகம் எங்கும் குழந்தைகள் காதில் விழுந்தது. 'இது என்னோட தட்டு' என்று துள்ளி எழுந்த நான் அதை எடைக்குப் போட்டவன். 'திருடுகிறார்கள்' என்று நான் ஏசியவர்களோ அதைத் தூசி தட்டிப் பாதுகாத்தவர்கள். இந்தக் கணக்கை நேர்மையாக எழுதத்தான் வேண்டும்.

பெயரும் பணமும்

எல்லாக் கதையும் இப்படிச் சுபமாக முடிவதில்லை. 2002-இல் ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியின் 'அடிக்டிவ்' பாட்டு பெரும் வெற்றி பெற்றது. அதன் உயிரே 'ஜோதி' (1981) என்ற இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு. இசை நம் வங்காளத்துப் பப்பி லாகிரி. அவருடைய பெயர் இல்லை. வழக்கு நடந்து, 2003-இல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம், லாகிரியின் பெயரைப் போடாமல் அந்தத் தட்டை விற்கக் கூடாது என்று தடை போட்டது. லாகிரியே மேல்நாட்டு மெட்டுகளைத் தாராளமாக எடுத்தவர் என்று விமர்சிக்கப்பட்டவர்தான். இருந்தாலும் அவர் பெயர் அவருக்கு உரியது.

நம்மவர்களுக்கும் இது நடக்கிறது. பிளாக் ஐட் பீஸ் குழுவின் 'எலிஃபங்க் தீம்' (2003), இளையராஜா 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) படத்துக்கு இசைத்த பாட்டிலிருந்து எடுத்தது. ஈழத்து வம்சாவளிப் பாடகி மாயாவின், அதாவது எம்.ஐ.ஏ.வின், 'பாம்பூ பங்கா' (2007), 'தளபதி' (1991) பாட்டிலிருந்து எடுத்தது. இவை சார்புநூல்கள். ஒரு பிடி மட்டும் எடுத்து, வேறு ஊருக்கே போய்விடுபவை.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், அமெரிக்காவிலேயே ஒரு குரலில் சொல்லவில்லை. 2005-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், எவ்வளவு சிறு துணுக்காக இருந்தாலும் அனுமதி வேண்டும் என்றது. 2016-இல் இன்னொன்று, கால் விநாடிக்கும் குறைவான ஒரு துணுக்கு வழக்கில், அவ்வளவு சிறியதற்குக் குற்றம் இல்லை என்றது. நம் நாட்டில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். 1975-இன் தட்டு 2035 முடியும் வரை உரிமைக்கு உட்பட்டது. 2012-இல் வந்த திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை முழுதும் எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி பாதுகாத்தது. நல்ல காரியம்.

ஆனால் சட்டத்தின் வலையில் சிக்காத ஒருவர் இருக்கிறார். அவர் தாளம் வாசித்தவர். வெட்டி எடுக்கப்படுவது பெரும்பாலும் அவருடைய கைதான். 1969-இல் வின்ஸ்டன்ஸ் என்ற குழு பதிவு செய்த 'ஆமென் பிரதர்' பாட்டில் கிரிகரி கோல்மன் ஆறு விநாடி தனியாக டிரம் வாசித்தார். அந்த ஆறு விநாடி ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஒலிக்கிறது. அதற்காக அவருக்கு ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை. 2006-இல் வறுமையில் இறந்தார். 2015-இல் ரசிகர்கள் சேர்ந்து 24,000 பவுண்டு திரட்டிக் குழுத் தலைவருக்குக் கொடுத்தார்கள், கோல்மன் போன பிறகு. நம் பழைய சினிமாத் தட்டுகளை எடுத்துப் பாருங்கள். இசையமைப்பாளர் பெயர் உண்டு, பாடியவர் பெயர் உண்டு, தபலா வாசித்தவர் பெயரைப் பெரும்பாலும் காண முடியாது.

என் தொழிலில் ஒன்று உண்டு. தமிழ்க் குடும்பத்தார் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டித் தரச் சொல்வார்கள். பழைய பித்தளையைப் போட்டுப் புதுசு வாங்க வரும் அம்மாமார்கள், தராசில் வைக்குமுன் அந்தப் பெயரை ஒரு முறை விரலால் தடவிப் படிப்பார்கள். "இது எங்க பாட்டி பேரு" என்பார்கள். சிலர் படித்துவிட்டு, "வேண்டாம் நயினார், இதை மட்டும் எடுத்துட்டுப் போறேன்" என்று திருப்பி வாங்கிக்கொள்வார்கள். உருக்கிப் புதுசு செய்வதில் தவறில்லை. பித்தளைக்கு அதுதான் ஆயுள். ஆனால் உருக்கும்போது பெயர் போய்விடுகிறது. இசையில் நாம் உருக்கினாலும் பெயரைக் காப்பாற்றலாம். அட்டையில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைக் கூடப் போட மனம் இல்லாதவர்களைத்தான் நான் மேடையில் ஏசியிருக்க வேண்டும். எல்லாரையும் சேர்த்து ஏசியது பிழை.

என் மகளுக்குச் சொன்னது

என் மகள் அந்த இரண்டு ஆவர்த்தத்தை வைத்து ஒரு முழு இசையைச் செய்து முடித்திருக்கிறாள். நன்றாகவே இருக்கிறது. தகப்பன் என்பதால் சொல்லவில்லை. "வெளியிடலாமாப்பா?" என்று கேட்டாள். என்னைப் போய்க் கேட்கிறாளே என்று இருந்தது. கடையில் கணக்கு எழுதுகிற மாதிரி இரண்டு பத்தி போட்டுக் காட்டினேன். ஒலிப்பதிவு யாருடையது, இசை யாருடையது என்று இரண்டு உரிமை இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் எழுது. கொடுத்தால் பெயரோடு போடு. தாளம் வாசித்தவர் யார் என்று தேடு, தெரிந்தால் அவர் பெயரையும் போடு. கொடுக்காவிட்டால் அந்த ஆவர்த்தத்தை எடுத்துவிட்டு, ஒரு ஆளைக் கூப்பிட்டு வாசிக்கவைத்துப் பதிவு செய். அவருக்குக் கூலியும் கொடு, பெயரும் கொடு.

"எல்லாரும் கேக்காமதாம்பா போடறாங்க. கேட்டா ஒரு வருஷம் ஆகும்" என்றாள். "ஆகட்டுமே, உனக்கு என்ன ரயிலா போகுது?" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் ஊருக்குப் போனாள். இரண்டு வாரம் கழித்து, கடிதம் எழுதிவிட்டதாகத் தகவல் அனுப்பினாள். இதை எழுதும் வரை பதில் வரவில்லை. அவளும் வெளியிடவில்லை. அந்தக் காத்திருப்பு அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது சரிதானா என்று ராத்திரியில் எனக்கே சில நேரம் சந்தேகம் வருகிறது. ஆனால் வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி பக்கம் நம் வீடுகளில், பரணில், பழைய கேசட்டுகள் கிடக்கின்றன. நம் ஊர்ச் சபா கச்சேரிகள், கல்யாண வீட்டு நாதஸ்வரம், நவராத்திரிக்குப் பாட்டிகள் பாடியது. எடைக்குப் போடாதீர்கள். நான் போட்டுவிட்டு, போன மாதம் ஃப்ரீ ஸ்கூல் தெருவில் அதே தட்டை, அன்று வாங்கியதைப் போலப் பல மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கினேன். பிள்ளைகளிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றும்போது யார் பாடினார், யார் மிருதங்கம், யார் கடம், எந்த வருஷம் என்று நினைவு இருக்கும்போதே ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு ஒரு பேரப்பிள்ளை அதிலிருந்து இரண்டு ஆவர்த்தம் வெட்டி எடுத்தால், போடுவதற்குப் பெயர் இருக்கும்.

போன ஆண்டு கைதட்டாத பின்வரிசைப் பிள்ளைகளுக்கு என் வணக்கம். இந்த ஆண்டு விழாவுக்கு அந்தத் தட்டைக் கொண்டு வருகிறேன். தட்டு சுழற்றும் பெட்டி யார் வீட்டிலாவது ஓடும் நிலையில் இருந்தால் தெரிவிக்கவும்.